தேவசகாயம் அண்ணாச்சி வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் போட்டது

கார்புரேட்டர் வேலை பாக்குறவனுக்குக் காதும் மூக்கும்தான் டூல்ஸ். மத்ததெல்லாம் பெட்டியில கிடக்கிற இரும்பு. ராஜபாளையத்துல தென்காசி ரோட்டுல சின்னதா ஒரு பட்டறை வச்சு, அந்தக் காதையும் மூக்கையும் நம்பித்தான் பொழப்பு நடத்துறேன். நீங்களும் பழைய பெட்ரோல் வண்டி ஒண்ணு வச்சுக்கிட்டு, காலங்காத்தால தெருவே முழிக்கிற அளவுக்கு செல்ஃப் அடிச்சவங்கன்னா, நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு? கார்புரேட்டர் அம்பாசடரை, அதுவும் கைக்கு அடக்கமான செலவுல, இன்ஜெக்‌ஷனுக்கு மாத்தித் தாரேன்னு வாயைக் குடுத்துட்டு நான் பட்ட பாடு இது.

வாசல்ல நின்ன வண்டி

தேவசகாயம் அண்ணாச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். சொந்த அம்பாசடரை வாடகைக்கு ஓட்டுறாரு. இப்பல்லாம் அம்பாசடரை யாரு கூப்பிடுறா? எப்பவாச்சும் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புன்னு கூப்பிட்டா உண்டு. அவருக்கு நிரந்தரமா இருந்த சவாரி ஒண்ணே ஒண்ணுதான். ரவிக்கை தைக்கிற கடை வச்சிருந்த ரெங்கநாயகி அம்மா. அவங்களுக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துல மூணு நாள் விடியக்காலம் ராஜபாளையத்துக்கு வந்து டயாலிசிஸ் பண்ணிக்கிட்டுப் போகணும். புதுக் கார்ல ஏசி வாடையே அவங்களுக்கு ஆகாது, ஏறுன உடனே குமட்டும். அம்பாசடர்னா குனியாம ஏறலாம், திரும்பி வரையில பின் சீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பொறவு இந்த வண்டியோட கார்புரேட்டர்ல ரப்பர் எல்லாம் ஊறிப் போச்சு. நான் மாத்துவேன், அதுவும் ஊறும். காலையில கிளம்பையில வண்டி இருமும், பெட்ரோல் குடிச்சு மூழ்கிரும், அம்மா உள்ள உக்காந்திருக்க அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து செல்ஃப் அடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒரு நாள் லேட்டாப் போயி, ஆஸ்பத்திரியில அவங்க மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அம்மாவோட மக மாலதி அன்னைக்கே சொல்லிருச்சு, இன்னும் ரெண்டு தடவை வாசல்ல நின்னா வேற வண்டி பேசிருவேன்னு. அந்தப் பிள்ளை சொன்னதுல தப்பே இல்லை. ஆனா அந்த சவாரி போச்சுன்னா அண்ணாச்சி வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? பேசாம வண்டியைக் குடுத்துட்டு வேற வாங்குங்கன்னேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னாரு: "ஏலே முருகேசா, வண்டியை மாத்தச் சொல்லாத. வண்டிக்குள்ள எதை வேணா மாத்திக்கோ."

ஒயரை வெட்டுன மகராசன்

இன்ஜெக்‌ஷன்னா என்னன்னு ஒரு வார்த்தையில சொல்லிருதேன். கார்புரேட்டர்ல எஞ்சின்தான் பெட்ரோலை உறிஞ்சிக் குடிக்கணும். இன்ஜெக்‌ஷன்ல ஒரு பம்பு பெட்ரோலைத் தள்ளும், எம்புட்டு குடுக்கணும்னு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போட்டு ஊட்டிவிடும். புதுசா எல்லாம் வாங்குனா அண்ணாச்சி வண்டியையே வித்தாலும் பத்தாது. நல்லவேளையா, இதே அம்பாசடர்ல பின்னாடி வந்த சில வண்டிங்க இன்ஜெக்‌ஷனோட வந்துச்சு. எஞ்சின் கிட்டத்தட்ட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. அதுல ஒண்ணு சேத்தூர் பக்கம் காயலான் கடையில கிடக்குன்னு கேள்விப்பட்டு, கடைக்கார பாண்டிக்கு போனைப் போட்டேன். பெட்டி, இன்ஜெக்டர், பம்பு எல்லாத்தையும் பத்திரமாக் கழட்டி வைய்யி, வாரேன்னேன்.

போயிப் பாத்தா, சாக்கை விரிச்சு, துடைச்சு, சீர்வரிசை கணக்கா வரிசையா அடுக்கி வச்சிருக்கான். மனசு குளுந்துபோச்சு. செத்த நேரந்தான். பெட்டியைத் திருப்புனா, ஒயர் ரெண்டு விரக்கடைக்கு மேல இல்லை. அத்தனையும் கட்டிங் பிளேயரால நறுக்கு நறுக்குன்னு நறுக்கியிருக்கு! காயலான் கடையில அதான் பழக்கமாம். செம்பு தனியா எடைக்குப் போகும், அதனால ஒயரைக் கண்டாலே கை தானா வெட்டிருமாம். அந்த ஒயர் இல்லாம பெட்டி வெறும் செங்கல்லுடான்னு நான் கத்துறேன். அவன் ஒரு மூட்டையைக் காட்டுனான். ஊருப்பட்ட வண்டி ஒயரு அதுக்குள்ள கலந்து கிடக்கு. கலர் பாத்து, கோடு பாத்து, தரையில உக்காந்து பொறுக்க ஆரம்பிச்சேன். பாண்டி டீயை உறிஞ்சிக்கிட்டே கேட்டான்: "நீ பெட்டியைத்தான கேட்ட? பெட்டியில ஒரு கீறல் இருக்கா, சொல்லு!"

முன்னப்பின்ன

ஒண்ணுவிட்ட தம்பின்னாலும் அண்ணன் சட்டை அப்படியே பொருந்திருமா? கார்புரேட்டர் இருந்த இடத்துல புதுசு உக்காரணும்னா நடுவுல ஒரு அலுமினியத் தட்டு வேணும். லேத் பட்டறை ராமராஜாகிட்டப் போனேன். மில்லுகளுக்கு ஸ்பிண்டில் கடைஞ்சு குடுக்கிறவரு. வீட்டுல தெலுங்கு, கடையில தமிழ். கோவம் வந்தா கடையிலயும் தெலுங்கு.

செலவைக் குறைக்கிற நெனைப்புல நான் பெருந்தன்மையா, "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லண்ணே, கேஸ்கட்டை வச்சு சமாளிச்சுக்கிடுதேன்"னேன். மனுசன் லேத்தை நிப்பாட்டிட்டாரு. தெலுங்குல ரெண்டு வரி ஓடுச்சு. எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனா அது பாராட்டு இல்லைன்னு தெரிஞ்சுது. பொறவு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே தமிழுக்கு வந்தாரு: "முன்னப்பின்ன வேணும்னா ஆக்சா பிளேடை வச்சு நீயே அறுத்துக்கோ. என் லேத்துக்கு முன்னப்பின்ன தெரியாது."

டிக்கிக்குள்ள ஒரு சத்தம்

வண்டி என் பட்டறையில கிடந்த நாளெல்லாம் அண்ணாச்சி தவறாம வந்துருவாரு. ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணைக்கு உக்காந்திருக்கிற மாதிரி ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவாரு. அந்த நாள்ல ரெங்கநாயகி அம்மா வேற கார்ல போயிக்கிட்டு இருந்தாங்க. போகையிலயும் வாந்தி, வரையிலயும் வாந்தி. மாலதி போன்ல இவருகிட்ட, "சீக்கிரம் முடிங்கண்ணாச்சி"ன்னு சொல்லும். போனை வச்ச உடனே அவரு என்னையப் பாப்பாரு. நான் ஸ்பேனரைத் தேடுற சாக்குல வண்டிக்கு அடியில பூந்துருவேன்.

இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெட்ரோல் டேங்குல இறக்கி, மிச்சப் பெட்ரோல் திரும்பி வர ஒரு குழாயும் போட்டேன். சாவியைத் திருப்புன உடனே பம்பு 'ஙொய்ங்'குன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு அடங்கிரும். பைப்புல அழுத்தம் ஏத்துற சத்தம் அது. அண்ணாச்சி எந்திரிச்சுப் போயி டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குக் கீழ, ஜாக்கிக்குப் பின்னாடின்னு எல்லாம் தேடுனாரு. நான் விளக்கம் சொன்னேன். தலையை ஆட்டுனாரு. இன்னொரு தடவை சாவியைத் திருப்பச் சொல்லி, டிக்கிக்குள்ளயே தலையை விட்டுக் கேட்டுட்டு வெளிய வந்தாரு: "ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தியே இப்படி மூச்சு வாங்குதே, இது உருப்படுமாலே?"

பெட்டிக்குக் குளுருது

மொத தடவை ஸ்டார்ட் பண்ணையில பக்கத்து டீக்கடையே என் பட்டறைக்குள்ளதான் நின்னுச்சு. சாவியைத் திருப்புனேன், பிடிச்சுக்கிருச்சு. ஆளுக்கொரு கைதட்டு. கொஞ்சத்துல பாத்தா, பின்னாடி செங்கச்சூளை கணக்கா கரும்புகை. தட்டுன கையெல்லாம் மூக்கைப் பொத்திருச்சு.

எங்கடா தப்புன்னு ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே வந்தேன். எஞ்சின் சூட்டைப் பாத்துச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்கு. பாண்டி வெட்டுன ஒயர்ல அதுக்கு நான் ஒட்டுன ஜாயிண்ட் சரியாப் பிடிக்கலை. எஞ்சின் இங்க சுட்டுக்கிட்டு இருக்கு. பெட்டி என்னடான்னா நாம கொடைக்கானல்ல நிக்கோம், குளுருதுன்னு நெனைச்சுக்கிட்டு பெட்ரோலை அள்ளி ஊத்துது. ஜாயிண்டைப் பிரிச்சு ஈயம் வச்சு ஒட்டுனேன். புகை நின்னுது. அதுக்குப் பொறவு அந்த எஞ்சின் ஓடுன ஓட்டம் இருக்கே, நடுக்கம் இல்லை, இருமல் இல்லை, பெட்ரோல் வாடைகூட இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கலை. அண்ணாச்சி மட்டும் பானட்டு மேல கையை வச்சு, காதையும் வச்சு, சந்தேகமா என்னையப் பாத்தாரு: "நெசமாவே ஓடுதா, இல்ல ஓடுற மாதிரி நடிக்குதா?"

எனக்கு ஆகும், அவருக்கு ஆகாது

ஓடுன எஞ்சினை அணைக்காமலே அண்ணாச்சிகிட்ட வண்டியை ஒப்படைச்சேன். ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க, சாவியை மட்டும் திருப்புங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "சரிலே சரிலே"ன்னு கிளம்பிட்டாரு. அவரு இருக்கிற சந்துக்குள்ள கார் போகாது. ரெங்கநாயகி அம்மா வீட்டு வாசல்லதான் எப்பவும் நிறுத்துவாரு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி போன். மாலதி. "அண்ணே, அம்மா உள்ள உக்காந்தாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகலை."

லுங்கியை மாத்தக்கூட நிக்காம பைக்கை முறுக்குனேன். போயி, வேர்த்துப்போன அண்ணாச்சியை இறக்கிட்டு உக்காந்து சாவியைத் திருப்புனா, சொல்லி வச்ச மாதிரி ஸ்டார்ட் ஆகுது! அணைச்சேன், திருப்புனேன், ஆகுது. நீங்க பாருங்கன்னு அவரை உக்கார வச்சேன். கிர்ர்ர், கிர்ர்ர். ஆகலை. அவரு முகத்தைப் பாக்க முடியலை. திரும்ப நான் ஸ்டார்ட் பண்ணிக் குடுக்க, ஓட்டிக்கிட்டுப் போனாரு. மதியம் ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பையில மறுபடி அதே கதை. டயாலிசிஸ் முடிஞ்சு துவண்டு கிடந்த அம்மாவை அந்த வெயில்ல ஆட்டோவுல ஏத்துனாங்க. நான் அங்க போயிச் சேர்ந்தப்ப மாலதி கோவமாக்கூடப் பேசலை, அதான் எனக்கு வலிச்சுது: "அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற வண்டிதான்ணே. உங்களுக்கு ஸ்டார்ட் ஆயி எங்கம்மாவுக்கு என்ன பிரயோசனம்?"

கையை மிதிச்ச காலு

ஆட்டோ போன பொறவு ஆஸ்பத்திரி வாசல்லயே நாங்க ரெண்டு பேரும் வண்டிக்குள்ள உக்காந்தோம். "அண்ணாச்சி, நீங்க எப்பவும் போல ஸ்டார்ட் பண்ணுங்க, நான் பாக்கேன்"னேன். சிலுவை போட்டுக்கிட்டாரு. சாவியைத் திருப்புனாரு. அவரு கையைப் பாக்காம இந்த வாட்டி நான் காலைப் பாத்தேன். ரெண்டு மிதி மிதிச்சு, மூணாவதா ஆக்சிலேட்டரை அடியோட அமுத்திக்கிட்டு செல்ஃப் அடிக்காரு!

பெட்ரோல் குடிச்சு மூழ்குன கார்புரேட்டர் வண்டியைக் கிளப்புறதுக்கு அதுதான் வழி. வருசக்கணக்கா அந்த வண்டி மூழ்கி மூழ்கி, அவரு காலு அதையே பழகிருச்சு. இன்ஜெக்‌ஷன் பெட்டிக்கும் அதே பாடம்தான், ஆனா தலைகீழா. ஸ்டார்ட் பண்ணையில எவனாச்சும் முழுசா அமுத்துனா, 'எஞ்சின் மூழ்கிருச்சு போல, இனி ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது'ன்னு பெட்ரோலையே நிப்பாட்டிரும். இவரு அமுத்த அமுத்த அது பட்டினி போட்டுருக்கு. கம்பெனிக்காரன் உள்ள எழுதி வச்சது, என்னால அழிக்க முடியாது. இதைச் சொன்னா மனுசன் ஒத்துக்கிடணும்ல? மிதிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணுதாரு. சரின்னு நான் குனிஞ்சு, பெடலுக்கு அடியில கையை விட்டுக்கிட்டு, இப்பத் திருப்புங்கன்னேன். அம்மாடியோவ்! நாலு விரலும் நசுங்கி, நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. என் கை இன்னும் காலுக்கு அடியில இருக்கையிலயே அண்ணாச்சி சொல்லுதாரு: "நான் எங்கலே மிதிச்சேன்? காலு சும்மால்லா கிடக்கு!"

சன்னல் வழியா

செருப்பைக் கழட்டச் சொன்னேன், வெறுங்காலும் மிதிச்சுது. காலை மடக்கிச் சம்மணம் போட்டு உக்காரச் சொன்னேன். கை சாவிக்குப் போன உடனே காலு தானா இறங்குது. அவரும் பாவம், பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பாக்காரு. கடைசியில, "நான் இந்த வண்டிக்கு லாயக்கில்லலே"ன்னு ஸ்டீரிங் மேல தலையைச் சாய்ச்சுட்டாரு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. "இறங்குங்க கீழ!"ன்னு கத்திட்டேன். இறங்கி, கதவைச் சாத்திட்டு நின்னாரு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அவரு நிக்கிற இடத்துல இருந்து காலுக்குப் பெடல் எட்டாது. சன்னல் வழியா கைக்குச் சாவி எட்டும்.

அடுத்த டயாலிசிஸ் அன்னைக்கு விடியக்காலம் நானும் அந்தத் தெருவுல போயி நின்னேன். அம்மா பின் சீட்டுல. மாலதி போனைக் கையில வச்சுக்கிட்டே நிக்குது, வேற வண்டிக்காரனோட நம்பரை எடுத்து வச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அண்ணாச்சி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலைப் பாத்துட்டு, இறங்கி, கதவைச் சாத்துனாரு. சிலுவை போட்டாரு. சன்னல் வழியா கையை விட்டுச் சாவியைத் திருப்புனாரு. ஒரே திருப்பு! பால் ஊத்துறவரு சைக்கிளை நிறுத்திட்டுப் பாக்காரு. வெளிய நின்ன அண்ணாச்சியோட வலது காலு மட்டும் ரோட்டுல ரெண்டு மிதி மிதிச்சுட்டு அமுங்கி நின்னுச்சு. மாலதி போனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு முன் சீட்டுல ஏறுச்சு: "எப்படி வேணா ஸ்டார்ட் பண்ணிக்கோங்க அண்ணாச்சி, ஓட்டையில மட்டும் உள்ள உக்காந்து ஓட்டுங்க."

ரெங்கநாயகி அம்மா கேட்டது

அதுக்குப் பொறவு வண்டி ஒரு நாளும் நிக்கலை. கொஞ்ச நாள் கழிச்சு, ஆஸ்பத்திரியில இருந்து திரும்பையில ஒரு ஹோஸ் கிளிப் லூசா இருக்குன்னு பட்டறைக்குக் கொண்டாந்தாரு. நான் முறுக்கி முடிச்சேன். மாலதி மருந்து வாங்க எதுத்த கடைக்குப் போச்சு, அண்ணாச்சி டீக்கடைக்குப் போனாரு. அம்மா பின் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருந்தாங்க. ஊசி குத்துன கையில கட்டுப் போட்டிருந்துச்சு. கண்ணைத் திறந்து என்னையக் கிட்ட கூப்பிட்டாங்க. நல்ல வார்த்தை ஏதோ சொல்லப் போறாங்கன்னு நெனைச்சு நானும் கையைத் துடைச்சுக்கிட்டுப் போனேன்.

"ஏன் தம்பி, இனி இது நிக்கவே நிக்காதா?"ன்னாங்க. "நிக்காதும்மா, நான் கேரண்டி"ன்னேன், நெஞ்சை நிமித்திக்கிட்டு. அவங்க ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க, மக வருதான்னு. பொறவு மெதுவாச் சொன்னாங்க: "முன்னால இது இருமிக்கிட்டு நிக்கும் பாரு, அப்ப நான் பின்னாடி கண்ணை மூடிக்கிட்டு, இன்னைக்கு மட்டும் இது கிளம்பாம இருக்கட்டும் பெருமாளேன்னு கேப்பேன், ஒரு நாளாச்சும் குத்து வாங்காம வீட்டுல படுத்துக்கிடலாம்னு. மாலதிகிட்டச் சொல்லிராத. இப்பல்லாம் நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஸ்டார்ட் ஆயிருதுப்பா."

வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு வாரவங்களுக்கு என்கிட்ட வைத்தியம் இருக்கு. ஸ்டார்ட் ஆயிருதேன்னு சொல்றவங்களுக்கு எந்த பார்ட்ஸை மாத்தணும்னுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.